மிரட்டு என்றொரு பிறவினை

இந்த அவைக்குத் தலைமையேற்று, ஒரு கையில் மணியும் மறு கையில் கடிகாரமுமாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே. முன்வரிசையை முழு உரிமையோடு நிறைத்து, கால் நீட்டிக் களைப்பாறும் பெரியோர்களே. பிள்ளையை இடுப்பிலும் பையைத் தோளிலும் சுமந்து, உட்கார இடமின்றிச் சுவரோரம் நிற்கும் தாய்மார்களே. அந்தத் தாய்மார்களுக்கு இடம் விடாமல் அமர்ந்திருக்கும் அன்பு இளைஞர்களே. என்னைப் புகழ்ந்து இருபது நிமிடம் பேசி, எனக்கென்று பதினெட்டு நிமிடத்தை மிச்சம் வைத்த வரவேற்புரையாளர் அவர்களே. உங்கள் அனைவரின் செவிக்கும் சிந்தைக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு முறையீடு. இந்தக் கூட்டத்துக்கு நான் எழுதிக் கொடுத்த தலைப்பு, 'மிரட்டல்: சொல்லும் பொருளும்'. மறுநாளே செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா, தலைப்பு ஒரு மாதிரியா இருக்கு. பாக்கறவங்க பயந்துருவாங்க" என்றார். பயம் பற்றித்தானே ஐயா பேசப் போகிறேன் என்றேன். சரி சரி என்றார். முதல் அழைப்பிதழ் வந்தது. அதில் 'அன்பின் ஆற்றல்' என்றிருந்தது. சண்டை போட்டேன். இரண்டாம் அழைப்பிதழில் 'இன்சொல் இலக்கணம்' என்றிருந்தது. இப்போது என் முதுகுக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். 'மொழி மலர் மாலை'. நான் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்தவள். அந்தச் சொல்லைத் தவிர மற்றெல்லாச் சொற்களையும் எனக்குத் தந்துவிட்டார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நான் அகராதிக்காரி. இருபத்தாறு ஆண்டுகளாக ஓர் அகராதி அலுவலகத்தில் சொற்களுக்குப் பொருள் எழுதுகிறேன். பிழை பார்ப்பதும், பிழை திருத்துவதும், பிழை செய்தவரைத் தேடிப் பிடித்து வாதாடுவதும் என் பிழைப்பு. அப்படிப்பட்ட என் கண்முன்னே இந்த 'மிரட்டல்' என்ற சொல் படும் பாடு இருக்கிறதே, அதைச் சொல்ல ஒரு பிறவி போதாது. திரைப்படச் சுவரொட்டியில் 'மிரட்டலான நடிப்பு' என்று போடுகிறார்கள். பாட்டு நன்றாக இருந்தால் "மிரட்டிட்டாருப்பா" என்கிறார்கள். என் அக்காள் மகன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, "சித்தி, எப்படி, மிரட்டலா இருக்கேனா?" என்று கேட்கிறான். இருக்கிறாய் அப்பா, அந்தச் சட்டையின் நிறத்தைப் பார்த்து நான் மிரண்டுதான் போனேன்.

அச்சம் தரும் சொல்லுக்கு அலங்காரம் செய்து, அதைப் பாராட்டாக்கி, பரிசாக்கி, பகட்டாக்கி விட்டோம். ஆகட்டும். சொற்கள் மாறும், மாற உரிமை உண்டு. ஆனால் அச்சம் மாறிவிட்டதா? மிரட்டுகிறவர் மறைந்துவிட்டாரா? மிரள்கிறவர் இல்லாமல் போய்விட்டாரா? பொருள் அப்படியே இருக்க, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டால், பாதிக்கப்பட்டவர் எந்த வாயால் என்ன சொல்லி முறையிடுவார்?

அதைத்தான் சொல்ல வந்தேன்.

சொல்லின் பிறப்பைக் கொஞ்சம் பார்ப்போம். இலக்கணம் என்றதும் பின்வரிசையில் இருவர் எழுந்துவிட்டார்கள். உட்காருங்கள், ஒரே நிமிடம். உருள் என்றால் தானே உருள்வது. உருட்டு என்றால் இன்னொன்றை உருளச் செய்வது. சுருள், சுருட்டு. திரள், திரட்டு. புரள், புரட்டு. அந்த வரிசையில்தான் மிரள், மிரட்டு. மிரள்வது தன்வினை. மிரட்டுவது பிறவினை, பிறரை மிரளச் செய்யும் வினை. வெருள், மருள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்போல இன்னும் சில சொற்கள் உண்டு. முகச்சாயல் ஒன்றாக இருக்கிறது. ஒரே தாய் பெற்ற பிள்ளைகளா என்று அடித்துச் சொல்ல என்னிடம் சான்று இல்லை, அதனால் சொல்லமாட்டேன்.

அச்சுறுத்து என்பதும் அப்படித்தான். அச்சம் ஒரு பாதி, உறுத்து மறு பாதி. உறு என்றால் அடை. உறுத்து என்றால் அடையச் செய். அச்சத்தை ஒருவர் அடையும்படி செய்வது அச்சுறுத்தல். கண்ணில் தூசி விழுந்தால் உறுத்துகிறது என்கிறோமே, அந்த உறுத்தலும் நினைவுக்கு வருகிறதல்லவா? தூசி சத்தம் போடுவதில்லை. கை ஓங்குவதில்லை. ஆனாலும் கண்ணைத் திறக்கவிடாது.

இவ்வளவும் தெரிந்த நான், இவ்வளவும் படித்த நான், எங்கள் அகராதியில் என்ன எழுதி வைத்திருந்தேன் தெரியுமா? 'மிரட்டு: பயமுறுத்து.' சரி, பயமுறுத்து என்றால்? 'அச்சுறுத்து.' அச்சுறுத்து என்றால்? 'மிரட்டு.' செக்கைச் சுற்றுவதுபோல ஒரு சுற்று. மூன்று சொல்லும் ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டுக்கொண்டு நிற்கின்றன, நடுவில் பொருள் மட்டும் இல்லை. எழுதியவள் நான். அச்சுக்கு அனுப்பியவள் நான். பதினோரு ஆண்டுகள் அதை யாரும் கேட்கவில்லை.

கேட்கும் நாள் வந்தது.

ஒரு பெரிய மருத்துவமனை. அதற்கென்று ஒரு சலவைக்கூடம். அங்கே உருளை இயந்திரம் ஒன்று. ரோலர் என்றுதான் அங்கே சொல்வார்கள். துவைத்த படுக்கை விரிப்பை ஈரம் காயாமல் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து, கொதிக்கும் இரண்டு உருளைகளுக்கு நடுவே செலுத்துவார்கள். மறுபக்கம் அது இஸ்திரி போட்ட பலகைபோல வெளியே வரும். உருளைக்கு முன்னால், விரல் உயரத்தில், ஒரு நீளக் கம்பி உண்டு. கை தவறி அதில் பட்டால் இயந்திரம் உடனே நிற்கும். கையைக் காப்பதற்கென்றே வைத்த கம்பி.

அந்தக் கம்பியின் பிடி உடைந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. துணி லேசாகப் பட்டாலே இயந்திரம் நின்றது. வேலை தடைப்படுகிறது என்று அதை ஒரு கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டார்கள். அதன் பிறகு இயந்திரம் எதற்கும் நிற்கவில்லை.

அங்கே வேலை செய்த ஒரு பெண்மணிக்கு வயது நாற்பத்தாறு. விரிப்பின் நான்கு மூலையையும் மயிரிழை பிசகாமல் சேர்ப்பார் என்பதால் எல்லோரும் அவரை மடிப்பக்கா என்பார்கள். ஒருநாள் காலை அவருடைய சட்டைக் கையின் ஓரம் உருளையில் சிக்கி இழுபட்டது. உதறி எடுத்துவிட்டார். நேராக மேற்பார்வையாளரிடம் போனார்.

இந்த மேற்பார்வையாளரைப் பற்றி ஒரு வார்த்தை. கத்தமாட்டார். திட்டமாட்டார். யாரையும் வாடி போடி என்றதில்லை. எந்நேரமும் புன்னகை. கூடத்தில் அவருக்குச் சிரிச்ச மூஞ்சி என்று பெயர்.

மடிப்பக்கா சொன்னார். "சார், அந்தக் கம்பியைச் சரி பண்ற வரைக்கும் ரோலர்ல நிக்க பயமா இருக்கு. ஒருநாள் நிறுத்தி வைங்க சார்."

அவர் சிரித்தார். "பயமா இருந்தா வீட்ல நிம்மதியா இருக்கலாமேம்மா. வெளிய பன்னெண்டு பேரு எழுதிக் குடுத்துட்டு நிக்கறாங்க." பிறகு அதே சிரிப்போடு, "உன் பொண்ணு நம்ம ஆபீஸ்ல டைப்பிங் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கா போலிருக்கே. பேரைப் பாத்தேன். நல்ல பேரு" என்றார்.

அவ்வளவுதான். மடிப்பக்கா திரும்பி வந்து தன் மூலையைப் பிடித்துக்கொண்டார். நாற்பது நிமிடம் கழித்து, அவருடைய இடக்கை விரிப்போடு சேர்ந்து உருளைக்குள் போனது. எதிர் மூலையில் நின்ற ஜோடிக்காரி ஓடிப்போய் மின்சாரத்தை அணைத்தாள்.

தாய்மார்களே, முகத்தைத் திருப்பாதீர்கள். காயத்தை நான் வருணிக்கப் போவதில்லை. மூன்று விரல்கள் நசுங்கின என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மருத்துவமனையின் துணி வெளுத்தவர், அதே மருத்துவமனையின் கட்டிலில் ஐந்து வாரம் படுத்திருந்தார். எழுந்ததும் நான்கு வரியில் ஒரு புகார் எழுதினார். 'கம்பி உடைந்திருப்பதைச் சொன்னேன். மேற்பார்வையாளர் என்னை மிரட்டினார். அதனால் வேலையை நிறுத்தவில்லை. கை போய்விட்டது.' நான்கு வரி. ஒரு சொல் கூடுதல் இல்லை, ஒரு சொல் குறைவில்லை. நான் எழுதிய அகராதியைவிடத் தெளிவாக எழுதினார்.

விசாரணை வைத்தார்கள். தலைமை தாங்கியவர் ஓய்வுபெற்ற நீதிபதி, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசையெல்லாம் தேடுகிற ஓர் அம்மையார். நிர்வாகத்தின் பக்கம் பேசியவர் பணியாளர் துறை அதிகாரி. இளைஞர். மரியாதையானவர். வார்த்தைக்கு வார்த்தை மேடம். முதல் நாள் அமர்விலேயே மடிப்பக்காவிடம் மூன்று கேள்வி கேட்டாராம்.

"கைய ஓங்கினாராம்மா?"

"இல்ல சார்."

"கத்தினாரா?"

"இல்ல சார்."

"தப்பா ஒரு வார்த்தை?"

"இல்ல சார். சிரிச்சாரு."

"அப்புறம் எப்படிம்மா மிரட்டினாருன்னு எழுதினீங்க? நல்ல பேருன்னு சொன்னா அது பாராட்டு இல்லையா?"

கேட்டதோடு விட்டாரா? பைக்குள் கைவிட்டு ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். எங்கள் அகராதி. மஞ்சள் தாள் செருகி, கோடு போட்டு, தயாராகக் கொண்டு வந்திருந்தார். மிரட்டு என்றால் பயமுறுத்து, பயமுறுத்து என்றால் அச்சுறுத்து, அச்சுறுத்து என்றால் மிரட்டு என்று உரக்கப் படித்தார். "ஆக, இந்தச் சொல்லுக்கு இன்னதுதான் பொருள்னு அகராதிக்கே தெரியல. தெளிவில்லாத ஒரு சொல்ல வச்சு ஒருத்தரோட வேலைய எப்படிப் பறிக்க முடியும்?" என்றார்.

நீதிபதி அம்மையாருக்கே எரிச்சல் வந்துவிட்டது. எழுதியவரைக் கூப்பிடுங்கள் என்றார். எங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் வந்தது. தலைமைப் பதிப்பாசிரியர் அதைப் படித்துவிட்டு, "உன் பதிவுதானே, நீயே போய்ப் பாத்துக்கோ" என்று என் மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

போனேன். இரண்டாம் அமர்வு. நீள மேசை, தண்ணீர் புட்டிகள், சன்னலோரம் காய்ந்துபோன ஒரு தொட்டிச்செடி. மடிப்பக்காவை அன்றுதான் முதலில் பார்த்தேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து, அதன்மேல் நல்ல கையை வைத்து மூடியிருந்தார்.

அன்று முதலில் ஜோடிக்காரியைக் கூப்பிட்டார்கள். மேற்பார்வையாளர் பேசும்போது ஐந்தடி தூரத்தில் நின்றவள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "ரோலர் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல சார்" என்றாள். மடிப்பக்கா தலை நிமிரவில்லை.

மேற்பார்வையாளர் வந்தார். "நான் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன் மேடம். சும்மா பேச்சுக்கு. அந்தப் பொண்ணு பேரு நெசமாவே நல்ல பேரு" என்றார்.

பிறகு என் முறை. இங்கே உங்கள் முன் நின்று இப்போது எப்படி விளக்கினேனோ, அப்படியே அங்கும் விளக்கினேன். உருள், உருட்டு. திரள், திரட்டு. மிரள், மிரட்டு. தன்வினை, பிறவினை. எடுத்துக்காட்டு வேண்டும் என்று நினைத்து, 'வெடிச்சத்தம் கேட்டு மாடு மிரண்டது' என்ற வாக்கியத்தையும் சொல்லி, மிரண்ட மாடு கட்டை அறுத்துக்கொண்டு ஓடும் என்றும் சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் சேர்த்தேன். படித்தவர்களுக்கு வாயை மூடத் தெரியாது.

அதிகாரி அதைத்தான் எதிர்பார்த்தவர்போல எழுந்தார். "ரொம்ப நன்றி மேடம். அப்போ ஒருத்தர் மிரண்டாத்தான் இன்னொருத்தர் மிரட்டினதா அர்த்தம். சரிதானே?"

சரி என்றேன். இலக்கணம் அதுதானே.

"இவங்க மிரளலையே மேடம். அவரு பேசினதுக்கு அப்புறம் நாப்பது நிமிஷம் அதே இடத்துல நின்னு வேலை பாத்திருக்காங்க. எழுபது விரிப்பு போட்டிருக்காங்க, கணக்கு இருக்கு. மிரண்டவங்க அப்படி நிப்பாங்களா? நீங்கதானே சொன்னீங்க, மிரண்ட மாடு ஓடும்னு."

அவையோரே, அந்த அடியைப் பாருங்கள். நான் எழுதிய பொருளை வைத்து ஒரு முறை அடித்தார். நான் சொன்ன எடுத்துக்காட்டை வைத்து இரண்டாம் முறை அடித்தார். இரண்டு அடியும் விழுந்தது என் மேல் அல்ல. கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தாரே, அவர் மேல். எனக்குத் தெரிந்த இலக்கணமெல்லாம் வரிசையாக வந்து என் எதிரே கைகட்டி நின்றது. அதில் ஒன்றுகூட உதவவில்லை. அமர்வை ஒத்திவைத்தார்கள்.

எரிச்சல் யார் மேல் என்கிறீர்களா? அந்த இளைஞர் மேலா? அவர் தம் வேலையைத் திறமையாகச் செய்தார். சிரித்த முகத்தின் மேலா? அதுவும்தான். ஆனால் முதலில் என் மேல். சொல்லைத் தாளில் பார்த்தவள் நான், ஆளில் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அனுமதி வாங்கிக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போனேன். சோப்பு நெடி, ஆவி, காதடைக்கும் இரைச்சல். ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. கம்பி அப்போதும் கட்டப்பட்டே இருந்தது. ஆம் ஐயா, கேட்டது சரிதான். ஒரு கை போன பிறகும், விசாரணை நடந்துகொண்டிருந்த அந்த நாளிலும், கட்டப்பட்டே இருந்தது. மடிப்பக்காவின் மூலையில் வேறொரு பெண் நின்றாள். எதிர் மூலையில் ஜோடிக்காரி. அந்த இரைச்சலில், பத்தடி தள்ளி ஒருவர் "ஈரத்துணி வருது" என்று சாதாரணக் குரலில் சொன்னதும் இருவரும் ஒரே நேரத்தில் நகர்ந்து வழிவிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு எல்லாம் கேட்கும்.

ஜோடிக்காரி என்னைப் பார்த்தாள். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள் அடுத்த விரிப்பின் மூலையை எடுத்தாள்.

தலைவரே, மணியைக் கீழே வையுங்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், மூன்றாம் அமர்வைச் சொல்லாமல் இறங்கமாட்டேன்.

மூன்றாம் அமர்வில் அதிகாரி தம் முடிவுரையைப் படித்தார். மிரண்டதற்கான அறிகுறி இல்லை, எனவே மிரட்டல் இல்லை, நேர்ந்தது கவனக்குறைவு. நீதிபதி அம்மையார் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மடிப்பக்காவைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?"

மடிப்பக்கா எழுந்தார். அவர் பேசியதை நான் அப்படியே எழுதிக்கொண்டேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

"சாரு சொல்றது புரியுது மேடம். மாடு மிரண்டா ஓடும். அதுக்கு வாடகை குடுக்க வேண்டாம், பொண்ணுக்கு வேலை தேட வேண்டாம். நான் மிரளாம இருந்திருந்தா அன்னைக்கு ரோலர நிறுத்திட்டு வெளிய வந்திருப்பேன். மிரண்டதாலதான் நின்னேன். சாரு எழுபது விரிப்புன்னு கணக்கு சொன்னாரே, அந்த எழுபதும் நான் மிரண்டு போட்டது. நல்ல பேருன்னு அவரு சொன்னப்போ எனக்கு என் பொண்ணு முகம் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் கம்பி தெரியல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் குரல் உயரவும் இல்லை, உடையவும் இல்லை.

எத்தனை நூல் படித்தேன், எத்தனை சான்று தேடினேன், எத்தனை சொற்களுக்கு எத்தனை பொருள் எழுதினேன். மிரட்டலின் பொருள் மிரண்டவரின் வாயில் இருந்தது. ஓடுவது மட்டுமா மிரட்சி? ஓடாமல் நிற்பதும் மிரட்சி. ஒப்பாமல் உழைப்பதும் மிரட்சி. உடைந்த கம்பியை உற்றுப் பார்த்துக்கொண்டே உதட்டை மூடுவதும் மிரட்சி. அலுவலகத்தில் தலையாட்டுகிறோமே, வீட்டில் வாய்மூடுகிறோமே, வகுப்பறையில் கேள்வியை விழுங்குகிறோமே, அவையெல்லாம் இசைவு என்று யார் எழுதி வைத்தது? வெளியே பார்ப்பவருக்கு ஒழுங்கு. உள்ளே இருப்பவருக்கு நடுக்கம். நிற்பவரெல்லாம் சம்மதித்து நிற்கிறார் என்று எண்ணுவது எவ்வளவு வசதியான பொய்.

கைதட்ட வேண்டாம். இன்னும் முடியவில்லை.

அதே அமர்வு. கதவருகே ஒரு நாற்காலியில் ஜோடிக்காரி இருந்தாள். தன் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வரச் சொல்லியிருந்தார்கள். தாள் அவள் மடியில் இருந்தது, பேனா கையில் இருந்தது. அவள் எழுந்தாள்.

"நான் இதுல கையெழுத்துப் போடல மேடம். எனக்குக் கேட்டுச்சு."

அதிகாரி திரும்பினார். "போன வாரம் கேக்கலைன்னு சொன்னீங்களே."

"ஆமா சார். என் வீட்டுக்காரரும் இங்கதான் லாரி ஓட்டுறாரு. அவருக்கும் ஒரு பேரு இருக்குல்ல" என்றாள். பிறகு மடிப்பக்காவைப் பார்த்து, "அக்கா, எனக்கு முழுசாக் கேட்டுச்சுக்கா" என்றாள். அழவில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய் மடிப்பக்காவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தீர்ப்பில் நீதிபதி அம்மையார் எழுதினார். குரலின் உயரத்தில் மிரட்டல் இல்லை, கேட்பவருக்குரிய எது தம் பிடியில் இருப்பதாகப் பேசுகிறவர் காட்டுகிறார் என்பதில் இருக்கிறது என்று. மேற்பார்வையாளர் மிரட்டினார் என்று. மிரட்டினார். அந்தச் சொல்லையே எழுதினார், சுற்றி வளைக்கவில்லை. சிரித்த முகத்தை ஆட்களோடு தொடர்பில்லாத கிடங்குக்கு மாற்றினார்கள். மடிப்பக்காவுக்கு இழப்பீடும், விரிப்பு மடிக்கும் மேசையில் வேலையும் கிடைத்தன. நடுவிரல் இன்னும் மடங்கவில்லை. மகள் தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறிடத்தில் வேலைக்குப் போனாள். உடைந்த கம்பியைச் சரி செய்தார்கள். எட்டு மாதத்துக்கு மேல் கிடப்பில் கிடந்த வேலை. ஒரு தொழிலாளி ஒரு திருப்புளியோடு வந்து இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனாராம். இதைக் கேட்டு யாருக்காவது வயிறு எரியவில்லை என்றால் அவர் வயிற்றை மருத்துவரிடம் காட்டட்டும்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். நிர்வாகம் விடுமா?

ஒரு வாரம் கழித்து சலவைக்கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். 'தகவல் பரிமாற்றக் குறைபாட்டால் நேர்ந்த வருந்தத்தக்க நிகழ்வை அடுத்து' என்று தொடங்கியது அந்தத் தாள். தகவல் பரிமாற்றக் குறைபாடு. எவ்வளவு வழவழப்பான தொடர். சோப்பு போட்டுக் குளிப்பாட்டி வெயிலில் காயவைத்த தொடர். மிரட்டியவரும் இல்லை, மிரண்டவரும் இல்லை. தகவல்தான் பாவம், தானே போய்த் தடுக்கி விழுந்துவிட்டது.

மடிப்பக்கா அதைப் படித்தார். மேசையிலிருந்த பேனாவை எடுத்து, அந்த மூன்று சொல்லையும் ஒரே கோடாக அடித்து, மேலே 'மிரட்டல்' என்று எழுதிவிட்டு வேலைக்குப் போனார்.

மறுநாள் அதைக் கிழித்துவிட்டுப் புதிய தாள் ஒட்டினார்கள். அதே தொடர். நண்பகலுக்குள் அடித்து எழுதியிருந்தது. இந்த முறை வேறு மை, வேறு கையெழுத்து. மூன்றாம் தாள் ஒட்டினார்கள். வேறொரு கை. நான்காம் தாள். மற்றொரு கை. யார் எழுதியது என்று கூடத்தில் கேட்டார்கள். ரோலர் சத்தத்தில் கேட்கவில்லை என்று இருபத்திரண்டு பெண்களும் சொன்னார்களாம்.

அதன் பிறகு தாள் ஒட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். கடைசித் தாள் மட்டும் பலகையிலேயே நின்றுவிட்டது. மடிப்பக்காவைப் பார்க்கப் போன அன்று நானும் அதைப் பார்த்தேன். நடுங்கி நடுங்கிப் போட்ட கோடு. அதற்கு மேலே, எழுதிப் பழகாத யாரோ ஒருத்தி, பெரிய பெரிய எழுத்தில், இடையின ரகரத்துக்குப் பதிலாக வல்லின றகரம் போட்டு, 'மிறட்டல்' என்று எழுதியிருந்தாள்.

என் பையில் சிவப்புப் பேனா இருந்தது. இருபத்தாறு ஆண்டுகளாகப் பிழை கண்ட இடத்தில் என் கை நின்றதில்லை. அன்று பேனாவை எடுக்கவில்லை. அந்தப் பலகையில் அந்தச் சொல் சரியாகத்தான் இருந்தது.

பதினெட்டு நிமிடத்தை முப்பதாக்கிவிட்டேன், பொறுத்துக்கொண்ட தலைவருக்கு நன்றி. நின்றபடியே கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. பாதியில் எழுந்து அவர்களுக்கு இடம் தந்த அந்த இரண்டு இளைஞர்களுக்குத் தனியே ஒரு நன்றி. பார்த்துப் போங்கள், பத்திரமாகப் போங்கள். உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.